இடிதாங்கியின் மூட்டுகள்



திருவரங்கத்து ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. மீட்டர் கணக்கில் 72. நானூறு ஆண்டுகளாக அடித்தளத்தோடு நின்று, மொட்டைக் கோபுரம் என்று ஊரார் வாயில் பெயர் வாங்கியிருந்த கட்டடம் அது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகிய சிங்கர் 1979-இல் பணியைக் கையில் எடுத்தார். 13 நிலைகளும் எழுந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. உச்சியில் 13 செம்புக் கலசங்கள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்குச் சற்றே அதிக உயரம், 135 கிலோ எடை.

இந்த உயரத்தை ஒரு மின் வேலைக்காரரின் கண்ணால் பார்த்தால் வேறொரு கணக்கு வரும். இடிதாங்கிக்கு நம் ஊரில் அதிகம் வாங்கப்படும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பட்டை ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளத் துண்டுகளாகத்தான் கடைக்கு வருகிறது. 72 மீட்டர் உயரமுள்ள எந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்தும் அதைத் தரைவரை இறக்க 12 துண்டுகளுக்குக் குறையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிவதற்கு விடும் நீளத்தையும் சேர்த்தால் 13. அதாவது, ஒரே ஒரு பட்டை வரிசைக்குள் 12 மூட்டுகள். செம்புப் பட்டை சுருளாக வருவதால் மூட்டுகள் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. மேலே முனையோடு ஒரு மூட்டு, கீழே சோதனைக்கென்று ஒன்று, மண்ணுக்குள் இறங்கும் கம்பிக்கு இன்னும் சில. இடிதாங்கி என்றால் உச்சியில் மின்னும் கூர்முனையை எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கருவி பழுதாகும் இடமோ பெரும்பாலும் இந்த மூட்டுகள். இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியதே.

முதலில் பட்டையின் வலிமையைப் பார்த்துவிடலாம். உலக அளவில் பின்பற்றப்படும் ஐ.இ.சி. 62305 என்ற நெறிமுறையை இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் முன்பு புழக்கத்தில் இருந்தது ஐ.எஸ். 2309. புதிய நெறிமுறை, மிகக் கடுமையான பாதுகாப்புத் தரத்துக்கு 2 லட்சம் ஆம்பியர் உச்சமுள்ள மின்னலைக் கணக்கில் கொள்கிறது. சராசரி மின்னல் 30 ஆயிரம் ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அந்த 2 லட்சம் ஆம்பியரும் 50 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள ஒரே செம்புப் பட்டையில் முழுதாக இறங்கினாலும், பட்டையின் வெப்பநிலை 22 டிகிரிதான் கூடும். திருச்சியின் சித்திரை வெயில் தினமும் அதைவிட அதிகமாகச் சூடேற்றுகிறது. இரும்புப் பட்டையானால் 211 டிகிரி, அப்போதும் உருகாது. நெறிமுறை கணக்கில் கொள்ளும் மிகப் பெரிய அடியைச் சாதாரணப் பட்டை ஒன்று அலட்டிக்கொள்ளாமல் தாங்கிவிடுகிறது.

மூட்டுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 50 சதுர மில்லிமீட்டர் செம்புப் பட்டையில் ஒரு மீட்டரின் மின்தடை ஏறக்குறைய 0.34 மில்லி ஓம். 72 மீட்டர் முழுவதற்கும் 25 மில்லி ஓம். பெயிண்ட் படிந்தோ, பாசி பிடித்தோ, நட்டு தளர்ந்தோ கிடக்கும் ஒரு போல்ட் மூட்டு தனியாகவே 10 மில்லி ஓம் காட்டக்கூடும். கிட்டத்தட்ட முப்பது மீட்டர் பட்டையின் தடை முழுவதும் இரண்டு விரல் அகலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலே சொன்ன பெரிய மின்னல் அந்த வழியே போனால் அந்த இடத்தில் மட்டும் 100 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஏறக்குறைய 160 கிராம் செம்பை உருக்க அது போதும். இவ்வளவும் நடந்து முடிவது நொடியில் ஒரு சிறு துணுக்கில். வெப்பம் பரவி ஆறுவதற்கு நேரமே கிடையாது. உலோகம் தெறிக்கும், மூட்டு அறும், மின்னல் அடுத்துக் கிடைக்கும் பாதையைத் தேடும். அந்த அடுத்த பாதை செங்கல்லாக இருக்கலாம், ஈரம் ஊறிய சுதையாக இருக்கலாம், உள்ளே போகும் மின்விளக்கு ஒயராகவும் இருக்கலாம்.

உலோகம் அறுந்த இடத்தில்தான் கட்டடம் உடைகிறது என்பதை லண்டன்காரர்கள் 1764-இலேயே கண்ணால் பார்த்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் யோசனையை வெளியிட்டு அப்போது பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஃபிளீட் தெருவில் உள்ள செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தின் கூர்கோபுரத்தில் இடி விழுந்தது. அங்கே இடிதாங்கி கிடையாது. கற்களைப் பிணைக்க உள்ளே செருகியிருந்த இரும்புப் பட்டைகள் மட்டும் இருந்தன. சேதத்தை ஆராய்ந்த வில்லியம் வாட்சன் போன்றவர்கள் கண்டது இது: இரும்பு ஓடிய இடங்களில் கல் பெரும்பாலும் தப்பியிருந்தது, ஓர் இரும்பு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளிகளில் கல் வெடித்துச் சிதறியிருந்தது. துண்டு துண்டாக நிற்கும் உலோகம் உலோகமே இல்லாததைவிட மோசம் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சேதம் இருந்தது.

அதே நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வேறு சிக்கல். பாய்மரம் ஒரே மரமாக இருப்பதில்லை. கீழ்மரம், அதன்மேல் ஒரு மரம், அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கி, தேவைப்படும்போது ஏற்றி இறக்குவார்கள். நிலையான இடிதாங்கியை அதில் எப்படிப் பொருத்துவது? கடற்படை கண்ட வழி, செம்புச் சங்கிலியைப் பெட்டியில் வைத்திருந்து புயல் வரும்போது மேலே ஏற்றுவது. புயல் நேரத்தில் மாலுமிக்கு ஆயிரம் வேலை. சங்கிலி பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தது. ஏற்றினாலும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு தளர்ந்த மூட்டு. மின்னல் இறங்கினால் கண்ணிகள் உருகித் தெறித்தன.

பிளிமத் நகரத்து மருத்துவர் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் இதற்கு 1820களில் ஒரு தீர்வு சொன்னார். பாய்மரத்தின் முதுகில் பள்ளம் எடுத்து, செம்புத் தகடுகளை இரண்டு அடுக்காகப் பதிக்க வேண்டும். சுவர் கட்டும்போது மேல் வரிசைச் செங்கல்லின் இணைப்பு கீழ் வரிசைக் கல்லின் நடுவில் விழுவது போல, ஓர் அடுக்கின் மூட்டு அடுத்த அடுக்குத் தகட்டின் நடுவில் விழும். மரங்கள் சந்திக்கும் இடத்தில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மரத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் தொடர்பு விடாது. கடைசியில் கப்பலின் அடிப்பகுதிச் செம்பு வழியாகக் கடலுக்கு. சோதனைக்கு இந்த ஏற்பாட்டைச் சுமந்த கப்பல்களில் ஒன்று பீகிள். 1831-இல் சார்லஸ் டார்வின் ஏறிய அதே கப்பல். அந்தப் பயணத்தில் அதன்மேல் மின்னல் விழுந்தும் மரத்துக்குக் கேடு வரவில்லை. இருந்தும் கடற்படை முழுவதும் இதை ஏற்க 1840கள் வரை ஆயிற்று. 1847-இல் ஹாரிஸுக்கு சர் பட்டம். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இடிமின்னல் ஹாரிஸ்’. இடிதாங்கியின் வரலாற்றில் ஃபிராங்க்ளினுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. முனையைக் கண்டவருக்கு மாலை, மூட்டைக் கண்டவருக்கு ஒரு பட்டப்பெயர்.

இனி நம் கோபுரங்களுக்கு வரலாம். கலசம் என்பதே துண்டு துண்டாகச் செய்து அடுக்கப்படும் ஒரு பொருள். அடியில் தாமரை, மேலே குடம், அதற்கும் மேல் கழுத்து, மொட்டு, கூர்நுனி என்று தனித்தனியாகத் தட்டியெடுத்த செம்புப் பகுதிகள். நடுவே நிற்கும் தண்டில் கோத்து ஒன்றன்மேல் ஒன்று இறக்குவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் 1010-இல் பொறித்த கல்வெட்டு, விமானத்தின் செம்புத் தூபித்தறியில் வைப்பதற்காக அவன் கொடுத்த செப்புக்குடத்தின் எடையைப் பலக் கணக்கில் சொல்கிறது: 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகட்டின் எடை கழஞ்சுக் கணக்கில் தனியாக வருகிறது. தறியும் செம்பு, குடமும் செம்பு, ஒன்றன்மேல் ஒன்று இறுகி உட்காரும் அமைப்பு. உலோகத் துண்டுகளை உயரத்தில் கோக்கும் வேலை சோழ நாட்டுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

இங்கே ஒரு சிறு விலகல். ‘கலசமே இடிதாங்கி, அதற்குள் நிரப்பும் வரகு மின்னலை இழுத்துக்கொள்ளும்’ என்று ஒரு செய்தி கைப்பேசிகளில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. பாதி உண்மை. உயரத்தில் நிற்கும் கூரிய செம்பு மின்னலின் முதல் தொடுமுனையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வரகு மின்னலுக்கு எதையும் செய்யாது. மின்னோட்டம் செம்பு ஓட்டின் வழியே போகும், தானியத்துக்குள் நுழைந்து பார்க்காது. கலசத்தின் அடிவரை வந்த மின்னோட்டத்துக்கு அதன்பின் உலோகப் பாதை இல்லையென்றால், கீழே இருக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் வழி. செயின்ட் பிரைட்ஸ் கோபுரத்தில் நடந்தது அதுவே. கலசம் இடிதாங்கியின் முதல் துண்டு. மீதித் துண்டுகளை அதோடு இணைத்தால்தான் அந்தப் பெயருக்கு அது தகுதி பெறும்.

இன்னொரு கதை இன்னும் ஆபத்தானது. இடி விழுந்த கலசத்தின் செம்பு இரிடியமாக மாறிவிடும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லித் தமிழ்நாடு முழுவதும் ஏமாற்றுக் கும்பல்கள் பணம் பறித்திருக்கின்றன. கோயில் கலசங்கள் திருட்டுப் போனதும் உண்டு. மின்னல் செம்பை உருக்கும், கருக்கும். ஒரு தனிமத்தை இன்னொன்றாக்கும் வேலை அதற்குத் தெரியாது.

கலசம் செம்பு என்பதில் மூட்டு வேலைக்காரருக்கு ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது. செம்பின்மேல் பட்டு வழியும் மழைநீர் கீழே இருக்கும் துத்தநாகப் பூச்சையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் திருவரங்கத் தீவில் மார்கழிப் பனியும் ஆற்று ஈரமும் அந்த அரிப்புக்கு உரம். மேலே செம்பு இருக்கும்போது கீழே ஜி.ஐ. பட்டையை நேரடியாக முடுக்கினால் சில ஆண்டுகளில் மூட்டில் வெள்ளைப் பொடியும் செந்துருவும்தான் மிஞ்சும். எனவே செம்புக்குச் செம்பு, அல்லது வெள்ளீயம் பூசிய செம்பு. வேறு வழியில்லாமல் இரண்டு உலோகம் சந்திக்க வேண்டுமென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட இருஉலோக இணைப்பியை நடுவில் வைக்க வேண்டும். பத்து ரூபாய் வாஷரில் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

சரி, எப்படித்தான் இணைப்பது?

திருச்சிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை அதிகம். பொன்மலை ரயில்வே பணிமனை 1928-இல் வந்தது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் அங்கே ரிவிட் சத்தம்தான் ஊருக்குக் கடிகாரம். 1965-இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின் திருச்சி வெல்டிங் ஊராக மாறியது. உயர் அழுத்தக் கொதிகலன் என்பது ஆயிரக்கணக்கான குழாய் மூட்டுகளின் தொகுப்பு. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே அமைந்தது. பெல்லைச் சுற்றி முளைத்த பட்டறைகளில் வேலை கற்ற வெல்டர்கள் வளைகுடா நாடுகள்வரை போயிருக்கிறார்கள். கொதிகலனின் முக்கியமான மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் இந்த ஊர் வெளியே அனுப்புவதில்லை. அதே ஊரில் ஒரு மாடிக் கட்டடத்தின் இடிதாங்கியைப் பாருங்கள்: இரண்டு பட்டைகளை வைத்து நுனியில் ஒரு பொட்டு வெல்டிங், மேலே அலுமினியப் பெயிண்ட், வேலை முடிந்தது.

ரிவிட்டில் தொடங்குவோம். செம்புப் பட்டைக்கு அது பழைய, நல்ல முறை. பிரிட்டிஷ் நெறிமுறை பி.எஸ். 6651 ஒரு மூட்டுக்கு 5 மில்லிமீட்டர் ரிவிட் நான்கு கேட்டது. போல்ட் என்றால் 8 மில்லிமீட்டர் இரண்டு, அல்லது 10 மில்லிமீட்டர் ஒன்று. ஒன்றுக்கு இரண்டு நல்லது. ஒரு போல்ட்டில் பட்டை திரும்பும், இரண்டில் திரும்பாது. ரிவிட் தளராது, அதை யாரும் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. செம்புத் திருட்டு நடக்கும் ஊர்களில் அது சின்ன விஷயமல்ல.

போல்ட் மூட்டில் கெடுதல் தொடங்குவது முகங்களைச் சுத்தம் செய்யாமல் விடுவதில். எமரித்தாளால் தேய்த்து, ஆக்சைடு பிடிக்காமல் அதற்கான பசை தடவி, உடனே முடுக்க வேண்டும். பட்டையைப் போட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்து, பிறகு ஒருநாள் துளை போட்டு முடுக்கினால் நடுவில் இருப்பது பெயிண்ட். இன்னொன்று, துளை. 25-க்கு 3 மில்லிமீட்டர் பட்டையில் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்காக 11 மில்லிமீட்டர் துளை போட்டால் அந்த இடத்தில் மிஞ்சுவது 42 சதுர மில்லிமீட்டர். கேட்டது 50. அதனால்தான் துளையே போடாமல் மேலும் கீழும் தகடு வைத்து நான்கு மூலையில் முடுக்கும் சதுர கிளாம்ப்பை நல்ல மேஸ்திரிகள் விரும்புகிறார்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று காவிரிக்கரையை உலுக்கும்போது, துண்டுகளாகத் திருகிச் சேர்த்த உயரமான இடிதாங்கிக் கம்பம் ஆடிக்கொண்டே இருக்கும். அடித்துண்டு தடிமன், மேல்துண்டு மெலிவு, ஒன்றின் மரை இன்னொன்றுக்குள் என்று அமைந்த கம்பம் அது. ஆட்டத்தில் மரை தளரும். மேலே ஒரு பூட்டு நட்டு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பி, ஒருநாள் மேல்துண்டு கழன்று வரும். வெயிலுக்கும் கணக்கு உண்டு: 20 மீட்டர் அலுமினியப் பட்டை 30 டிகிரி ஏற்றத்தில் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த நீட்சி முழுதும் மூட்டுகளைத்தான் இழுக்கும். இடையிடையே வளையும் பின்னல் பட்டை வைப்பது அதற்காக.

பற்றாசு வைத்து ஒட்டும் முறைக்கு ஓர் எச்சரிக்கை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும். ரிவிட் அடித்த மூட்டுக்குள் நீர் புகாமல் அடைக்க அது உதவும்; மூட்டைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் மட்டும் விடக் கூடாது. வெள்ளி கலந்த பற்று, பித்தளைப் பற்று இரண்டும் 450 டிகிரிக்கு மேல்தான் இளகும். செம்புப் பாத்திரம் தட்டும் கன்னார் கைக்கு அது பழகிய வேலை.

ஜி.ஐ. பட்டையை வெல்ட் செய்தால் வேறு தலைவலி. துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, 907-இல் கொதிக்கிறது; வெல்டிங் வில்லின் சூட்டில் மூட்டைச் சுற்றிய பூச்சு முழுவதும் புகையாகப் போய்விடும். மூச்சில் ஏறினால் வெல்டருக்கு அன்றிரவு காய்ச்சல். துருவிலிருந்து காப்பதற்காகத்தான் அந்தப் பட்டையைக் காசு கொடுத்து வாங்கினோம். மூட்டில் மட்டும் அதை எரித்துவிட்டோம். கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகச் செறிவுள்ள பெயிண்ட்டை இரண்டு கை பூசினால் ஓரளவு ஈடாகும். வெறும் அலுமினியப் பெயிண்ட் கண்ணை ஏமாற்றும், துருவை ஏமாற்றாது.

இந்த எல்லா முறைகளுக்கும் மேலே நிற்பது, தானே கொதித்து உருகிச் சேரும் தெர்மிட் வழிப் பற்றவைப்பு. ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்ற வினை அது: இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும் சேர்ந்து பற்றினால் உருகிய இரும்பு கிடைக்கும். எஸ்ஸன் நகரின் டிராம் தண்டவாளங்களை 1899-இல் அப்படி ஒட்டினார்கள். நம் ரயில் பாதைகளிலும் தண்டவாளங்களை இன்று அதே முறையிலும் இணைக்கிறார்கள். அதற்கான கலவைப் பொடியைச் செய்ய லக்னோவில் ரயில்வேக்குத் தனி ஆலையே இருக்கிறது. 1938-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் சார்லஸ் காட்வெல் இரும்பு ஆக்சைடுக்குப் பதில் செம்பு ஆக்சைடை வைத்தார். தண்டவாளத்தில் செம்புக் கம்பியை ஒட்டுவதே அவர் நோக்கம். இடிதாங்கிக்கும் மண்ணில் புதைக்கும் கம்பிக்கும் அது அப்படியே பொருந்திவிட்டது.

செய்முறை எளிது. கிராஃபைட் அச்சுக்குள் இரண்டு முனைகளையும் வைத்து மூடுவார்கள். மேல் குழியில் ஓர் இரும்பு வில்லை, அதன்மேல் பொடி, அதற்கும் மேல் பற்றவைக்கும் பொடி. சிக்கிமுக்கிக் கருவியால் ஒரு பொறி. சில நொடிகளில் உருகிய செம்பு வில்லையைத் துளைத்து இறங்கி, இரண்டு முனைகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். நடுவில் எல்லைக்கோடு என்று ஒன்றே இராது, ஆகவே துருப்பிடிக்கவோ தளரவோ இடமும் இல்லை. ஆனால் அச்சை முதலில் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி எழும்பி மூட்டுக்குள் துளைகள் விழும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கடற்பஞ்சுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தரையில் செய்யலாம். சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் சுற்றிய சாரத்தின் உச்சியில், 200 அடி உயரத்தில், உருகிய செம்பை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. மேலே கிளாம்ப்பும் ரிவிட்டும், கீழே தெர்மிட்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, காவிரிக்கு இக்கரையையும் அக்கரையையும் ஒப்பிட்டால் போதும். திருவரங்கம் ஆற்று மணலும் வண்டலும் படிந்த தீவு. கம்பியை நேராக அடித்து இறக்கலாம். திருச்சி மலைக்கோட்டையோ 83 மீட்டர் உயரமுள்ள ஒரே பாறை. உச்சிப்பிள்ளையார் காலடியில் கம்பி அடிக்க மண்ணே கிடையாது. பாறைமேல் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் பட்டையைச் சுற்றுவளையமாக ஓட்டி, மண் கிடைக்கும் அடிவாரம்வரை கொண்டுவருவதே வழி. நீளம் கூடும், மூட்டும் கூடும். காற்றும் வெயிலும் நேரடியாகப் படும் பாதை அது.

தீவிலும் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையின் இடி பேர்பெற்றது. ஆறு வறண்டு, மேல்மண் ஈரமே இல்லாமல் கிடக்கும் காலமும் அதுதான். ஆகவே ஈரம் நிலைக்கும் ஆழம்வரை கம்பி போக வேண்டும். மூன்று மீட்டர்க் கம்பி மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒன்பது மீட்டர் இறக்குவது வழக்கம். செம்பு பூசிய இரும்புக் கம்பியில் அந்தப் பூச்சின் தடிமன் 0.25 மில்லிமீட்டர்தான். பட்டறையில் டை வைத்து மரை வெட்டினால் வெட்டு அதைவிட ஆழமாகப் போய், செம்பு முழுவதும் உரிந்து இரும்பு வெளியே வந்துவிடும். மண்ணுக்கடியில் முதலில் அரிக்கப்படும் இடம் அதுவாகும். நல்ல கம்பிகளில் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். செம்பு அப்படியே மடிந்து மரையாகிறது.

இரண்டு கம்பியையும் சேர்க்கும் பித்தளை அல்லது வெண்கலக் கப்ளிங்குக்குள் ஒரு விதி உண்டு. கம்பிகளின் முனைகள் நடுவில் ஒன்றையொன்று முட்ட வேண்டும். அப்போது சம்மட்டி அடி கம்பியிலிருந்து கம்பிக்கு நேராக இறங்கும். இடைவெளி விட்டுத் திருகினால் ஒவ்வோர் அடியும் மரைமேல் விழும். மூன்றாவது கம்பி இறங்குவதற்குள் மரை சிதைந்து, கப்ளிங் பெயரளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கம்பி இறங்கிவிட்டது, குழியை மூடியாயிற்று.

அதன்பின் சோதனை. எர்த் பிட்டின் மூடியில் தேதியும் ‘2 ஓம்’ என்ற எண்ணும் பெயிண்ட்டில் எழுதியிருப்பதைப் பல கட்டடங்களில் பார்க்கலாம். இடிதாங்கியின் மண்ணிணைப்புக்கு 10 ஓமுக்குள் இருந்தால் போதும் என்பது நெறி. 2 என்றால் மிக நல்லது. ஆனால் அந்த எண்ணை எடுக்கும் முறையைக் கவனியுங்கள். தரைக்குச் சற்று மேலே உள்ள சோதனை மூட்டைக் கழற்றிவிட்டு, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் அளக்கிறார்கள். அதற்கு மேலே 60, 70 மீட்டர் உயரத்தில் ஒரு மூட்டு அறுந்தே தொங்கினாலும் மூடியில் ‘2 ஓம்’ என்றுதான் எழுதப்படும். மேல் மூட்டுகளைச் சோதிக்க மில்லி ஓம் அளக்கும் நான்கு முனைக் கருவி தேவை. ஒரு மூட்டின் தடை அதே நீளப் பட்டையின் தடைக்கு அருகில் இருக்க வேண்டும். கருவியின் விலை ஒன்றும் எட்டாததல்ல. மேலே ஏறும் ஆள்தான் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு வியாபாரத்தையும் சொல்லியாக வேண்டும். மின்னலை முன்கூட்டியே போய் எதிர்கொள்ளும், ஒரே தலையில் முழு வளாகத்தையும் காக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் நவீன முனைகள் சந்தையில் நன்றாக விற்கின்றன. பிரெஞ்சு நெறிமுறை ஒன்று அவற்றை ஏற்கிறது, ஐ.இ.சி. 62305 அந்தக் கூடுதல் பாதுகாப்பை ஏற்கவில்லை. லட்சக்கணக்கில் கொடுத்துத் தலையை வாங்கி, அதற்குக் கீழே பழைய பொட்டு வெல்டிங் பட்டையை விட்டுவைப்பவர்களைப் பார்த்தால், பணம் தவறான முனையில் போகிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பட்டைகளின் எண்ணிக்கையில் செலவழிப்பது அதைவிடப் பயன் தரும். மின்னோட்டம் இரண்டு பாதையில் சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் வெப்பம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. ராஜகோபுரத்தின் அடித்தளம் 166 அடி நீளம், 97 அடி அகலம். சுற்றளவு ஏறக்குறைய 160 மீட்டர். அந்தச் சுற்றளவுள்ள கட்டடத்துக்கு நெறிமுறையின் தளர்வான தரப்படி 20 மீட்டருக்கு ஒன்று என்றால் எட்டுப் பட்டைகள், கடுமையான தரப்படி 10 மீட்டருக்கு ஒன்று என்றால் பதினாறு. 60 மீட்டரைத் தாண்டிய கட்டடங்களில் உச்சி மட்டுமின்றி மேல் ஐந்தில் ஒரு பங்கின் பக்கவாட்டிலும் மின்னல் விழலாம் என்று நெறிமுறை கருதுகிறது. 72 மீட்டரில் அது மேலிருந்து 14 மீட்டர். சுதைச் சிற்பங்களுக்கு நடுவே அத்தனை பட்டைகளை அழகு கெடாமல் இறக்குவது ஸ்தபதியும் மின்பொறியாளரும் சேர்ந்து உட்கார்ந்து வரைய வேண்டிய படம். சிற்பத்தைச் சுற்றிக்கொண்டு பட்டையை வளையமாக வளைத்தாலும் தொல்லை: மின்னோட்டம் ஏறும் வேகத்தில் ஒரு மீட்டர் பட்டையின் இரு முனைகளுக்கிடையே பல்லாயிரம் வோல்ட் எழும், வளைவின் வாயை மின்பொறி தாண்டிவிடும். வளைவைப் பெரிதாக, மெதுவாக எடுக்க வேண்டும்.

கான்கிரீட் கட்டடங்களில் இன்னொரு வசதி இருக்கிறது. உள்ளே கட்டிய இரும்புக் கம்பிகளையே பாதையாகப் பயன்படுத்த நெறிமுறை அனுமதிக்கிறது. உச்சியிலிருந்து அடிவரை தடை 0.2 ஓமைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கம்பி கட்டுபவர் கட்டுக்கம்பியால் முறுக்கும் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் சேர்ந்து நல்ல தொடர்பைத் தருகின்றன. குறித்த சில கம்பிகளை மட்டும் வெல்ட் செய்தோ கிளாம்ப் போட்டோ தொடர்ச்சியாக்கி, வெளியே ஒரு முனையை விட்டு, கான்கிரீட் போடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். போட்டபின் அளந்து குறை கண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பழைய கோபுரங்களுக்கு அப்படி ஒரு தருணம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. குடமுழுக்குக்கு முன் அடியிலிருந்து உச்சிவரை சாரம் கட்டுகிறார்கள். திருவரங்கத்தில் 2015-இல் சம்ப்ரோக்ஷணம் எனப்படும் குடமுழுக்கு நடந்தது. அங்கே நடந்த மீட்டெடுப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வந்தது. சாரம் நிற்கும் மாதங்களில் ஒவ்வொரு மூட்டும் கைக்கு எட்டும். ஆனால் வேலைகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சுதை வேலைக்காரர், அடுத்து வர்ணம் பூசுபவர், கடைசியில் கலசம் ஏறும். வர்ணம் பூசுபவர் பட்டையையும் மூட்டையும் சேர்த்தே பூசிவிடுவார். கழற்றி மெருகேற்றிய கலசம் திரும்பத் தண்டில் உட்காரும்போது பட்டையோடு இருந்த பழைய இணைப்பை மீண்டும் போட யாருக்கும் நினைவு வராமல் போகலாம். ஆகவே மூட்டுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து முடுக்கும் வேலை வர்ணத்துக்கு முன்பே முடிய வேண்டும். முடிந்தவுடன் மூட்டுகளைத் துணி சுற்றி மறைத்துவிட வேண்டும். கலசம் ஏறியபின், அதன் அடியில் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலை இரண்டு போல்ட்டில் பூட்டி, அங்கிருந்து சோதனை மூட்டுவரை மில்லி ஓம் கருவியால் அளந்து, ஒவ்வொரு பட்டைக்கும் வந்த எண்ணைத் திருப்பணிப் பதிவேட்டில் எழுதி, பொறியாளர் கையெழுத்து வாங்க வேண்டும். சாரத்தின் மேல்கட்டை அவிழ்க்க ஆள் ஏறுவது அதற்குப் பிறகு.